காக்பிட் தேக்குத் தரையில் கோளாறா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

சிங்கப்பூரில் பாய்மரப்படகின் தேக்குத் தரையைக் கெடுப்பது வெயிலும் மழையும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. பழைய படகுகளில் தேய்ந்து மெலிந்துபோன பலகைகளை உற்றுப் பார்த்தால், பெரும்பாலும் பிரஷ்ஷும் அமிலமும் பிரஷர் வாஷரும் செய்த வேலை அது. மலபார்த் தேக்கால் பம்பாயில் கட்டி 1817இல் நீரில் இறக்கிய எச்.எம்.எஸ். டிரிங்கோமலி என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிற்கிறது. தேக்கு லேசில் சாகிற மரம் இல்லை. ஆனால் உங்கள் காக்பிட்டில், அதாவது சுக்கான் பிடித்து உட்காரும் பள்ளமான இடத்தில், இருப்பது கப்பல் கட்டிய கனத்தில் உள்ள தேக்கும் இல்லை. ஃபைபர்கிளாஸ் மேல் ஒட்டிய 6 முதல் 12 மில்லிமீட்டர் வரையிலான தோல்தான். பளபளப்பாக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தோலில் கொஞ்சம் போய்விடுகிறது. அதனால் கீழே வரும் வைத்தியத்தில் பாதி, "சும்மா விடுங்கள்" என்பதாகவே இருக்கும்.

எதையும் தொடுவதற்கு முன்: கனமும் ஈரமும்

முதலில் பலகையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். வடிகால் துளையின் ஓரத்திலோ லாக்கர் மூடியின் விளிம்பிலோ பலகையின் வெட்டுமுகம் தெரியும். அங்கே அளவுகோலை வையுங்கள். விளிம்பு தெரியாத படகானால், பலகைகளுக்கு இடையிலுள்ள கறுப்பு ரப்பர்க் கோடு எங்காவது விட்டுப்போன இடத்தில் மெல்லிய தகட்டைச் செருகிப் பள்ளத்தின் ஆழத்தை அளவிடுங்கள். புதிதில் 5, 6 மி.மீ. இருந்திருக்கும். இப்போது 2 மி.மீ.தான் என்றால், இனி அந்தத் தரையில் உப்புத்தாளே படக்கூடாது.

அடுத்தது ஈரம். நல்ல மழை ஒன்று ஓய்ந்ததும் காக்பிட்டில் உட்காருங்கள். தரை காய்ந்து வெளுக்கும்போது சில கோடுகளின் ஓரம் மட்டும் நெடுநேரம் கறுத்து நிற்கும். நீர் உள்ளே இறங்கி மெதுவாக மேலே கசிகிறது என்று அர்த்தம். அந்த இடங்களில் மாஸ்கிங் டேப் துண்டு ஒட்டி, படம் எடுத்து வையுங்கள். தென்மேற்குப் பருவக் காலத்தில் விடியற்காலையில் அடிக்கும் சுமத்ரா காற்றுமழை இதற்கு ரொம்பத் தோது. மழை நின்றதும் வெயில் ஏறும். ஒரு கோப்பி-ஓ குடித்து முடிப்பதற்குள் தரை தன் கதையைச் சொல்லிவிடும். ஈரமானி வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள், காசும் இல்லை.

தரை சாம்பல் நிறமாகிவிட்டது

கோளாறு இல்லை. பூமத்தியரேகைக்கு இவ்வளவு பக்கத்தில், புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது சாதாரணமாக நடக்கும் ஊரில், தேக்கு பொன்னிறமாகவே இருந்தால்தான் ஆச்சரியம். மேற்பரப்பில் மர இழைகளைப் பிணைக்கும் லிக்னின் சிதைந்து மழையில் கழுவிப்போகிறது. அந்தச் சாம்பல் நிறம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குக்குக் கீழே இறங்குவதில்லை.

"அண்ணே, தேக்கெண்ணெய் அடிச்சா பழைய நிறம் வந்துடும்ல?" என்று புதிதாகப் படகு வாங்கிய தம்பிகள் கேட்பதுண்டு. வரும். சில வாரம் இருக்கும். அப்புறம் கறுக்கும். கடையில் விற்கும் தேக்கெண்ணெய்களில் பல ஆளிவிதை எண்ணெயை அடிப்படையாகக் கொண்டவை. பூஞ்சைக்கு அது விருந்து. குளிர்நாட்டில் ஒரு பருவம் தாங்கும் எண்ணெய், ஈரமே வடியாத நம் காற்றில் அழுக்கையும் பூஞ்சையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் கறுப்பை எடுக்க மறுபடி தேய்ப்பீர்கள், மரம் போகும். நிறம் வேண்டும் என்று மனம் கேட்கவில்லையானால், எண்ணெய் கலக்காத, நிறமி சேர்த்த சீலரைத் தேர்ந்தெடுங்கள். அதையும் விடாமல் புதுப்பிக்க வேண்டியிருக்கும். வார்னிஷ் தரைக்கு வேண்டவே வேண்டாம். ஈரக்காலில் வழுக்கும், வெயிலில் உரியும்.

என் கருத்தில் சாம்பல்தான் தேக்குத் தரையின் சரியான நிறம்.

கறுப்புப் புள்ளிகள்

இதில் இரண்டு சாதி உண்டு. ஒன்றுக்கான மருந்து மற்றதற்குப் பலிக்காது. அதனால் முதலில் பிரித்தறியுங்கள். துணிக்குப் போடும் குளோரின் பிளீச்சில் ஒரு துளியை ஒரு புள்ளியின் மேல் விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் அது பூஞ்சை. அசையாமல் அப்படியே இருந்தால், பெரும்பாலும் இரும்பு. தேக்கிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மை மாதிரிக் கறுக்கும். சோதித்த இடத்தை உடனே நிறைய நீர் விட்டுக் கழுவுங்கள்.

பிளீச் சோதனைக்கு மட்டும்தான், தரை முழுக்கக் கழுவ அல்ல. மரத்தின் மென்மையான பகுதியை அது அரிக்கும், கறுப்புக் கோட்டிலுள்ள பாலிசல்ஃபைடு ரப்பரையும் கெடுக்கும். இன்னொன்று: பிளீச் பட்ட ஈரத்தின் மேல் அமிலத்தை ஊற்றவே ஊற்றாதீர்கள். குளோரின் வாயு வரும், அதுவும் காக்பிட் மாதிரி தாழ்ந்த இடத்தில் தங்கும்.

பூஞ்சையானால் கடல்நீர், சில துளி மிதமான சோப்பு, மென்மையான பிரஷ் அல்லது ஸ்பாஞ்சு போதும். தேய்ப்பது மரத்தின் ரேகைக்குக் குறுக்காக. ரேகையோடு தேய்த்தால் வளையங்களுக்கு இடையிலுள்ள மெல்லிய மரம் வாரிக்கொண்டு போகும். கடல்நீரைப் படகுத்துறையான மரினாவுக்குள்ளேயே மொள்ளாதீர்கள்; அதன் மேல் டீசல் படலம் மிதக்கும். வெளியே பாய் விரித்தபிறகு வாளியை விடுங்கள். குழாய் நீரைவிடக் கடல்நீர் நல்லது, பின்னால் தங்கும் உப்பில் பூஞ்சை எளிதில் வளராது. இரண்டு கழுவலுக்கு இடையில் தரையை மூடியே வைத்திருந்தால் தார்ப்பாயைக் கொஞ்சம் தூக்கிக் கட்டுங்கள். ஓரங்கள் இறுக மூடிய தார்ப்பாய்க்கு அடியில் பூஞ்சை கொண்டாடும்.

இரும்பானால் ஆக்ஸாலிக் அமிலம். தூளாகக் கிடைக்கும், இளஞ்சூட்டு நீரில் கரைத்துக் கறையின் மேல் மட்டும் தடவி, கால் மணிநேரம் விட்டு, நன்றாகக் கழுவ வேண்டும். அது விஷம், கையுறையும் கண்ணாடியும் அவசியம். கழுவிய நீரைக் கடலில் விடாமல் துணியில் ஒற்றி வாளியில் பிடியுங்கள். ஆனால் கறையைப் போக்கிவிட்டு இரும்பை அங்கேயே விட்டால் அடுத்த மழைக்கு மறுபடி வரும். இரும்பு எங்கிருந்து வந்தது? ஸ்டீல் வுல் போட்டுத் தேய்த்திருப்பார்கள், இழைகள் ரேகைக்குள் புதைந்திருக்கும். இல்லையென்றால் பக்கத்துப் படகில் யாரோ ஆங்கிள் கிரைண்டர் போட்டிருப்பார்கள். படகைக் கரையேற்றி வைக்கும் இடங்களில் இது அடிக்கடி நடக்கிறது. பொடிப்பொடியான புள்ளிகள் ஒரே பக்கமாகச் சிதறியிருந்தால் கிரைண்டர்தான். ஒரே இடத்தில் வட்டமாக இருந்தால் அடியில் ஒரு ஸ்க்ரூ துருப்பிடிக்கிறது. கீழே மரத்தக்கை பற்றிச் சொல்லும் இடத்துக்குப் போங்கள்.

பச்சைப் படலம், கால் வழுக்குகிறது

நிழலில் நிற்கும் பக்கத்தில்தான் வரும். பாசி. மேலே சொன்ன அதே கடல்நீர்க் கழுவல்தான். அதோடு வடிகால் துளைகளைப் பாருங்கள், இலையும் தலைமுடியும் அடைத்துக்கொண்டிருக்கும். வருடத்துக்குச் சராசரியாக 2,100 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிற ஊரில் அடைத்த வடிகால் என்றால் நிரந்தரக் குட்டை.

எண்ணெய், மஞ்சள், மீன் ரத்தம்

டீசலோ சன்ஸ்கிரீனோ சிந்தினால் தேய்க்காதீர்கள், உள்ளே இறங்கும். சோளமாவையோ டால்கம் பவுடரையோ கொட்டி ஒரு இரவு விட்டு, காலையில் கூட்டி எடுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு முறை. மிச்சமாகத் தெரியும் நிழலை வெயிலுக்கு விட்டுவிடலாம். மீன் ரத்தத்தைக் காய்வதற்குள் குளிர்ந்த நீரில் கழுவினால் போதும்.

மீன்தலைக் கறி கொட்டிவிட்டது என்று பதறவேண்டாம். எண்ணெயை மாவு உறிஞ்சும், மஞ்சளின் நிறமி வெயிலில் தானாகவே சிதையும். சில நாளில் காணாமல் போய்விடும். வெள்ளை ஃபைபர்கிளாஸும் இருக்கையின் மெத்தையும்தான் உங்களை மன்னிக்காது.

கறுப்புக் கோடு மரத்துக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கிறது

ரப்பர் வளரவில்லை, மரம் தாழ்ந்திருக்கிறது. வருடக்கணக்காக அழுத்தித் தேய்த்ததற்கும் இரண்டு பாட்டில் கிளீனருக்கும் இதுதான் கணக்கு. அந்தக் கிளீனர்களில் முதல் பாட்டிலில் காரமும் இரண்டாவதில் அமிலமும் இருக்கும். மரம் புதிதாகத் தெரிவதற்குக் காரணம், மேல்தோல் கரைந்து போனதுதான்.

துருத்திய ரப்பரில் கால் படப்பட அது பக்கவாட்டில் இழுபட்டு மரத்தை விட்டுப் பிரியும். அதனால் இதை மட்டும் விட்டுவைக்கக் கூடாது. கூரான உளியை மரத்தோடு படுக்கவைத்துத் துருத்திய பகுதியை மட்டும் சீவி எடுங்கள். அது போதுமா என்று பாருங்கள். பல தரைகளுக்குப் போதும். மரமும் மேடுபள்ளமாகிக் கால் பட்டால் சிராய் ஏறுகிறது என்றால், கனம் இடம் கொடுத்தால் மட்டும் 80 எண் உப்புத்தாளை நீளமான கட்டையில் சுற்றி ஒருமுறை, பின் 120இல் ஒருமுறை. அதற்கு மேல் நைசாக்க வேண்டாம், வழுக்கும். வட்டமாகச் சுழலும் மெஷினைக் கையில் எடுத்தால் மென்மையான இடத்தில் குழி விழும்.

கறுப்புக் கோடு பிரிகிறது, கிழிகிறது, அல்லது கையில் ஒட்டுகிறது

நிறைய பேர் இங்கேதான் காசை வீணாக்குகிறார்கள். பிரிந்த இடத்தில் மேலாகப் புது ரப்பரைப் பூசினால் ஒரு மாதம் அழகாக இருக்கும், அடியில் நீர் போய்க்கொண்டேயிருக்கும். முதலில் எப்படிக் கெட்டிருக்கிறது என்று பாருங்கள்.

ரப்பர் மிருதுவாக நல்ல நிலையில் இருக்கிறது, ஆனால் ஒரு பக்க மரத்தை விட்டு விலகியிருக்கிறது என்றால் ஒட்டாததுதான் காரணம். தேக்கின் எண்ணெயைத் துடைக்காமல் போட்டிருப்பார்கள், அல்லது பிரைமர் (முதல்பூச்சு) கேட்கும் ரகத்துக்குப் பிரைமர் அடிக்காமல் விட்டிருப்பார்கள். ரப்பரே நடுவில் கிழிந்திருந்தால், அது இரண்டு பக்கத்தோடு அடியிலும் ஒட்டியிருக்கிறது. மரம் விரிந்து சுருங்கும்போது மூன்று பக்கமும் பிடித்த ரப்பருக்கு நீளுவதற்கு வழியில்லை. பிசுபிசுவென்று கறுப்புக் காலடித் தடம் விட்டால் ரசாயனமோ வயதோ அதன் ஆயுளை முடித்துவிட்டது. கல் மாதிரி இறுகிக் கோடுகோடாக வெடித்திருந்தாலும் அப்படியே. இந்தக் கடைசி இரண்டுக்கும் ஒட்டுவேலை கிடையாது, முழுத் தரையிலும் மாற்ற வேண்டும். முதல் இரண்டில், கெட்ட கோடுகளை மட்டும் மாற்றலாம். ஆனால் ஒரு சாண், அரைச் சாணாக வேண்டாம். பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எடுங்கள்.

என்ஜினுக்கு மேலே இருக்கும் மூடியில் மட்டும் கோடுகள் பிரிந்திருந்தால் காரணம் வேறு. அடியிலிருந்து ஏறும் வெப்பம் அந்தப் பலகைகளை அதிகம் உலர்த்திச் சுருக்குகிறது. அடியில் வெப்பத் தடுப்புப் படலம் இருக்கிறதா என்று பார்க்காமல் கோட்டை மாற்றிப் பயனில்லை.

பழையதை எடுக்க, கோட்டின் நடுவில் கத்தியால் கீறிக்கொண்டு, பழைய அரத்தின் வாலை வளைத்துக் கூராக்கிய கொக்கியால் இழுங்கள். பக்கச் சுவரைக் கீறிவிடாமல் பொறுமையாக. சுவரை மடித்த உப்புத்தாளால் சுத்தமான மரம் தெரியும்வரை தேய்த்து, தூசியை உறிஞ்சி எடுங்கள். அப்புறம் வெள்ளைத் துணியில் அசிட்டோன். துணியில் மஞ்சள் படிவது நிற்கும்வரை துணியை மாற்றி மாற்றித் துடையுங்கள். எண்ணெய் உள்ளிருந்து மறுபடி மேலே வரும், ஆகவே துடைத்த அன்றே நிரப்ப வேண்டும்.

இங்கேதான் சிங்கப்பூர் குறுக்கே வரும். இந்த ரப்பர்களைச் செய்பவர்கள் பொதுவாக மரத்தின் ஈரம் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். நம் காற்றின் ஈரப்பதம் சராசரியில் 80 சதவீதத்துக்கு மேல். அந்தக் காற்றில் கிடக்கும் மரம் தானாக நிற்பது 15 சதவீதத்தை ஒட்டி. சும்மா இரண்டு நாள் வெயிலில் காயட்டும் என்று விட்டால் எட்டாது. காக்பிட்டுக்கு மேல் கூடாரம் மாதிரி தார்ப்பாய் கட்டி, கரை மின்சாரத்தில் ஈரநீக்கி ஒன்றை உள்ளே ஓடவிட்டு, ஈரமானியில் எண் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். சாங்கி பக்கம் மிதவையில் கட்டியிருக்கும் படகுக்குக் கரை மின்சாரம் கிடையாது. இந்த வேலைக்காக அதைச் சில நாள் மரினாவுக்குள் கொண்டுவருவது தண்டச்செலவு இல்லை. மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடியுமானால் பிப்ரவரி. சராசரியில் மழை மிகக் குறைந்த மாதம் அதுதான்.

நிரப்புவதற்குமுன் பள்ளத்தின் அடியில் மட்டும் ஒட்டாத மெல்லிய டேப்பை ஓடவிடுங்கள். மூன்றாவது பக்கம் பிடிக்காமல் இருக்க அதுதான் வழி. ஆனால் சில ரகங்களுக்கு டேப் தேவையில்லை என்று அவர்களே எழுதியிருப்பார்கள், அதைப் படியுங்கள். நேரம் மதியத்துக்கு மேல், வெப்பம் இறங்கத் தொடங்கும்போது. காலையில் நிரப்பினால் மரம் சூடேற ஏற, நுண்துளைகளிலுள்ள காற்று விரிந்து ரப்பருக்குள் குமிழி விடும். குழாயின் மூக்கைப் பள்ளத்தின் அடியில் வைத்து, கீழிருந்து மேலாக, கொஞ்சம் அதிகமாகவே நிரப்பி, தகட்டால் அழுத்துங்கள். அதிகமானதை இறுகியபின் சீவலாம். எத்தனை நாள் கழித்து என்பது குழாயில் எழுதியிருக்கும், அவசரப்படாதீர்கள்.

எந்த ரகம்? சிக்காஃப்ளெக்ஸ் 290 டிசி மாதிரிப் பாலியூரித்தேன், இரண்டு பாகம் கலக்கும் பாலிசல்ஃபைடு, தேக்குத் தளத்துக்கென்றே செய்த நடுநிலைச் சிலிக்கான் என்று மூன்றும் புழக்கத்தில் உண்டு. பழைய கோடு எதுவோ அதே குடும்பத்தில் போவது பாதுகாப்பு, முக்கியமாகச் சிலிக்கான் இருந்த பள்ளத்தில் வேறெதுவும் எளிதில் ஒட்டாது. வீட்டுக் குளியலறைக்கு வாங்கிய, காடி வாசம் அடிக்கும் சிலிக்கானைப் படகுக்கே கொண்டுவராதீர்கள்.

மரத்தக்கை எழும்புகிறது, ஸ்க்ரூத் தலை தெரிகிறது

பழைய படகுகளில் பலகையை ஸ்க்ரூ போட்டு இறுக்கி, தலையை வட்டமான தேக்குத் தக்கையால் மூடியிருப்பார்கள். தரை தேயத் தேயத் தக்கையும் மெலிந்து, ஒரு நாள் காலோடு வந்துவிடும். அந்தத் துளை வழியே நீர் நேராக அடித்தளத்துக்குப் போகும். ஆகவே அன்றே டேப்பாவது ஒட்டுங்கள்.

ஸ்க்ரூவுக்கு மேல் 4, 5 மி.மீ. மரம் இருந்தால் துளையைச் சுத்தம் செய்து, அதே அளவுத் தக்கையை எப்பாக்ஸியிலோ வார்னிஷிலோ தோய்த்து, அதன் ரேகை பலகையின் ரேகையோடு ஒத்துப்போகும்படி இறக்கி, காய்ந்தபின் உளியால் சீவுங்கள். சீவும்போது ஒரே வெட்டில் வேண்டாம்; முதலில் உயரமாக வெட்டி ரேகை எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பாருங்கள். அவ்வளவு ஆழம் இல்லை என்றால் ஸ்க்ரூவைக் கழற்றி, துளையை ஆழமாக்கி, ஸ்க்ரூவை இன்னும் கீழே இறக்க வேண்டும். பலகை பசையால் நன்றாகப் பிடித்திருக்கிறதா? அப்படியானால் ஸ்க்ரூவே வேண்டாம். கழற்றிவிட்டு அடித்துளையை எப்பாக்ஸியால் நிரப்பித் தக்கை வையுங்கள். ஒரு துளை குறைந்தால் ஒரு கசிவு குறைவு.

ஒன்றிரண்டு தக்கைகள் என்றால் வேலை. நாலா பக்கமும் எழும்பினால் அது தக்கையின் கோளாறு இல்லை, தரை முடிந்துவிட்டது.

தட்டினால் பொத்தென்கிறது, மிதித்தால் கோட்டிலிருந்து நீர் கக்குகிறது

ஒரு டாலர் நாணயத்தால் தரை முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டியிருக்கும் இடத்தில் ஓசை கணீரென்றும், விட்ட இடத்தில் மந்தமாகவும் வரும். மந்தமான இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். படம் ஒன்று உருவாகும், அந்தப் படத்தின் வடிவம்தான் முக்கியம். சுக்கான் சக்கரத்தின் கால், மேசையின் போல்ட், லாக்கர் கீல், என்ஜின் கருவிப் பலகை, இவற்றில் எதையாவது சுற்றி வட்டமாக இருந்தால் நீர் அந்த வழியாக இறங்கியிருக்கிறது, தேக்கின் மேல் பழி போடாதீர்கள். காக்பிட்டில் நீர் கசிவுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இந்தப் போல்ட்டுகளைத்தான். வழியைக் கண்டுபிடிக்க, மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து தொடங்கி, ஈரத்துணி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகருங்கள், உள்ளே ஒருவர் டார்ச்சோடு இருக்கட்டும். மேலிருந்து குழாயைத் திறந்துவிட்டால் எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை தெரியாது.

அடுத்த கேள்வி, அடித்தளத்தின் நடுவில் என்ன இருக்கிறது? பல படகுகளில் இரண்டு ஃபைபர்கிளாஸ் தகடுகளுக்கு நடுவே பால்சா என்ற லேசான மரம். மேலிருந்து துளைக்காதீர்கள். லாக்கருக்குள் படுத்துக்கொண்டு, அடித் தகட்டில் மட்டும் சிறிய துளை போட்டு, வரும் தூளைப் பாருங்கள். வெளிறிய காய்ந்த தூள் என்றால் நிம்மதி. பழுப்பாக ஈரமாக வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. நீரே சொட்டினால் இது வார இறுதி வேலை இல்லை. படகு ஆய்வாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

அடித்தளம் காய்ந்து திடமாக இருந்து, பலகை மட்டும் பசை விட்டிருந்தால் வீட்டுவேலைதான். பலகையில் சிறு துளைகள் போட்டு, அடியைக் காயவிட்டு, கெட்டியாக்கிய எப்பாக்ஸியைச் செலுத்தி, மேலே பாரம் வையுங்கள். நீர் நிரப்பிய கேன்கள் வளைவுக்கேற்ப உட்காராது. முக்குளிப்பவர்களின் ஈய பெல்ட் கிடைத்தால் அருமை. பின் துளைகளுக்குத் தக்கை. ஈரமாக இருக்கும்போது எப்பாக்ஸி செலுத்தினால் நீரை உள்ளே வைத்துப் பூட்டுகிறீர்கள். சுண்ணக்கட்டி வட்டங்கள் தரையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் இந்த ஊசி வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. எடுத்துவிடுவதே மலிவு.

பலகையின் ஓரங்கள் தூக்கிக்கொண்டிருக்கின்றன

மேல்பக்கம் வெயிலில் காய்ந்து சுருங்குகிறது, அடிப்பக்கம் ஈரத்தில் ஊறி விரிகிறது. முதலில் அடியில் ஈரம் எப்படி வந்தது என்று மேலே சொன்னபடி தேடுங்கள். ஈரம் இல்லாமலேயே தூக்கினால் வெட்டிய விதம் தப்பு. வளையங்களின் போக்கில் மரம் விரிவது, மையத்திலிருந்து வெளிநோக்கி விரிவதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். வளையங்கள் படுக்கையாகக் கிடக்கும் பலகை வளையத்தான் செய்யும். அதை நிமிர்த்த முடியாது, மாற்றலாம்.

கிராதி ஆடுகிறது, கிறீச்சிடுகிறது

கிராதி என்றால் தரையின் மேல் கழற்றிப் போடும் மரச்சட்டத் தட்டி. அதை எடுத்துத் திருப்பிப் போடுங்கள். அடியிலுள்ள ரப்பர்க் கால்கள் தேய்ந்திருக்கும், அல்லது பாதிப் பொருத்தில் கோத்த சட்டங்களின் பசை விட்டிருக்கும். விட்ட பொருத்துகளை அசிட்டோனால் துடைத்து எப்பாக்ஸி வைத்து இறுக்கினால் சரி. கிராதியைத் தூக்கியபோது அடியில் கண்ட சேற்றையும் சேர்த்துக் கழுவிவிடுங்கள்.

கால் சுடுகிறது

மரத்தைவிட அந்தக் கறுப்புக் கோடுகள்தான் அதிகம் சூடேறும். ஒரு வாளி கடல்நீர், மேலே ஒரு நிழல்துணி. வேறு மருந்து இல்லை.

மாற்றுவதென்றே முடிவானால்

என் சிபாரிசு பலருக்குப் பிடிக்காது: காக்பிட் தரையில் மறுபடி தேக்கை ஒட்டாதீர்கள். ஃபைபர்கிளாஸில் வழுக்காத பெயின்ட் அடித்துவிட்டு, அதன் மேல் கழற்றக்கூடிய தேக்குக் கிராதி போடுங்கள். அடியில் காற்று போகும், நீர் தங்காது, கோடு இல்லை, துளை இல்லை. நீண்டநாள் ஊரில் இல்லையென்றால் தூக்கிக் கேபினுக்குள் வைத்துவிடலாம். நம் காலநிலைக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. கழற்ற முடியாத தரைதான் வேண்டும் என்பவர்கள், ஸ்க்ரூ இல்லாமல் முழுக்கப் பசையில் ஒட்டும் முறையையே கேளுங்கள். 8 மி.மீ.க்குக் குறைவான பலகை வேண்டாம்.

செயற்கைத் தேக்கு விரிப்புகள் இப்போது எங்கும் உண்டு. பிவிசி ரகம் துலக்க எளிது, எண்ணெய்க் கறை ஏறாது, ஆனால் நடுப்பகலில் உண்மைத் தேக்கைவிடச் சுடும். அடர் நிறத்தைத் தவிர்த்து வெளிர்ச் சாம்பலை எடுங்கள். கார்க் ரகம் காலுக்கு இதம். ஈவிஏ நுரை விரிப்பு மலிவு, நம் வெயிலில் அதிக ஆயுளை எதிர்பார்க்காதீர்கள்.

மரமே வாங்கப் போனால், சுங்கை காடுட் பக்கத்து மரக்கடையில் பலகையின் முனையை முதலில் பாருங்கள். வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கவேண்டும், நெருக்கமாக இருக்கவேண்டும். ஓரத்தில் வெளிறிய மஞ்சள் பட்டை தெரிந்தால் அது வெளிமரம். அதற்குத் தேக்கின் குணம் எதுவும் கிடையாது, சீக்கிரம் உளுக்கும். பொன்பழுப்பு வைரம், அதாவது உள்மரம், மட்டுமே இருக்கட்டும். புதிதாகச் சீவிய முகத்தைத் தடவினால் மெழுகு தடவின மாதிரி இருக்கும், தோல் பதனிட்ட வாசம் வரும். இப்போது சந்தையில் வருவதில் கணிசமானது தோட்டத்தில் வளர்த்த இளமரம், ஜாவா தேக்கும் அதில் சேர்த்தி. அதில் வளையம் அகலம், வெளிமரமும் அதிகம். பொறுக்கி எடுத்தால் கிராதிக்குத் தாராளமாகப் போதும்.

பர்மாத் தேக்கு என்று சொல்லி விலை ஏற்றினால் காகிதம் கேளுங்கள். தாய்லாந்து 1989இலேயே இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடை செய்துவிட்டது. மியன்மார் 2014 ஏப்ரலில் அறுக்காத முழு மரக்கட்டைகளின் ஏற்றுமதியை நிறுத்தியது. 2021இல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அந்நாட்டின் அரசு மர நிறுவனத்தின் மீது தடை விதித்தன. பின்னாளில் படகை ஐரோப்பாவுக்கு விற்க நினைத்தால் இந்த மரம் எங்கிருந்து, எப்போது வந்தது என்ற கேள்வி வரும். ரசீதையும் மூலச் சான்றையும் என்ஜின் கையேட்டோடு சேர்த்துக் கோப்பில் போட்டு வையுங்கள்.